பிரளயச் சுவரொட்டியும் மீரியபெத்த மண்ணும்

ஒரு சினிமாச் சுவரொட்டியைப் பற்றி இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். காவியம் இருக்கிறது, நாவல் இருக்கிறது, கவிதையின் உருவம் பற்றிய ஓயாத சண்டை இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, பசை தடவிச் சுவரில் ஒட்டும் ஒரு காகிதத்தை ஆராய்வது வேலையற்றவர்களின் வேலை என்பது அவர்களது எண்ணம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நாவலைப் படிக்க எழுத்தறிவும் ஓய்வும் வேண்டும். படத்தைப் பார்க்கக் காசு வேண்டும். சுவரொட்டிக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. ஹட்டன் கடைத்தெருவில் அரிசி வாங்க இறங்கும் தோட்டத்துத் தாய்க்கும், அவள் கையைப் பிடித்துவரும் பிள்ளைக்கும் அது தானாகவே வந்து சேர்கிறது. இன்று சுவரை விட்டிறங்கிக் கைப்பேசித் திரையிலும் குடியேறிவிட்டது. இத்தனை கண்களுக்குப் பாடம் சொல்லும் ஓர் ஆசானை, அவன் என்ன பாடம் சொல்கிறான் என்று கேளாமல் விட்டுவிடுவது ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவர்களாகிய நமக்கும் தகுமா?

நாம் இங்கு எடுத்துக்கொள்வது ‘2012’ என்ற அமெரிக்கப் படத்தின் சுவரொட்டி. ரோலண்ட் எம்மெரிக் இயக்கிய அப்படத்தை 2009 நவம்பரில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. பழைய மாயர் நாட்காட்டியின் ஒரு நீண்ட சுற்று 2012 டிசம்பரில் முடிவதை உலக முடிவு என்று திரித்துக்கொண்டு கதை கட்டினார்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோத் துகள்கள் பூமியின் உட்கருவைக் கொதிக்கச் செய்கின்றனவாம். நிலத்தோடுகள் கழன்று, கடல் கண்டங்களை விழுங்குகிறதாம். நியூட்ரினோ என்பது ஏறக்குறைய எதையும் தொடாமலே பூமியை ஊடுருவிச் சென்றுவிடும் துகள் என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவன் அறிவான். ஆனால் நமது வழக்கு படத்தின் விஞ்ஞானத்தோடு அல்ல, அதன் சித்திரத்தோடுதான்.

படம் வெளிவருமுன் ஒட்டப்பட்ட முன்னோட்டச் சுவரொட்டியில் இமயத்தின் பனிச் சிகரங்கள் நிற்கின்றன. அச்சிகரங்களுக்கு மேலாகக் கடல் புரண்டு இறங்குகிறது. ஒரு பாறை விளிம்பில், விரல்நுனி அளவில், ஒரு பௌத்தத் துறவி அதைப் பார்த்தபடி நிற்கிறார். பெயருக்குப் பதிலாக ஓர் ஆண்டின் எண். அதனுடன் ஒரு வாசகம்: ‘நாம் எச்சரிக்கப்பட்டோம்.’

திறமையான வேலை என்பதை நாம் மறுக்கவில்லை. மலைக்கு மேல் கடல் என்ற ஒரே தலைகீழ் மாற்றத்தால் பிரளயம் முழுவதையும் சொல்லிவிடுகிறான் ஓவியன். ஊர் பெயரோ நடிகர் முகமோ தேவைப்படவில்லை. ஆனால் திறமை எதற்கு ஊழியம் செய்கிறது என்று கேட்பதுதான் விமர்சனத்தின் கடமை. ஆகவே இச்சித்திரத்தை நான்கு கேள்விகளால் விசாரிப்போம்.

முதலாவது, பார்ப்பவனை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள்? ஆகாயத்தில். சிகரங்களும் அலையும் ஒருங்கே தெரியும் உயரத்தில் நமது கண் மிதக்கிறது. தண்ணீர் நம்மைத் தொடாது. அழிவை அனுபவிப்பவனின் இடம் நமக்குத் தரப்படவில்லை. விமானத்தில் அமர்ந்து அதை ரசிப்பவனின் இடம் தரப்பட்டிருக்கிறது. இதே படத்திற்கான மற்றொரு சுவரொட்டியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் பிளந்து கடலுக்குள் சரிகிறது. அதையும் மேலேயிருந்துதான் பார்க்கிறோம். அத்தனை வீடுகளில் ஒன்றிலாவது யார் இருந்தார் என்று அந்த உயரத்திலிருந்து தெரியுமா?

இரண்டாவது, மனிதன் யார்? ஒரு துறவி. அவருக்கு மனைவி மக்கள் இல்லை. சுமக்க மூட்டை இல்லை. இழக்க வீடு இல்லை. அவர் ஓடவில்லை, யாரையும் அழைக்கவில்லை, நிற்கிறார். மனித குலத்தின் பிரதிநிதியாக இப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு என்ன? அழிவு ஒரு தத்துவக் காட்சியாகிவிடுகிறது. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இருட்டில் வழுக்கும் படியில் இறங்கும் ஒரு பெண்ணை அங்கே நிறுத்தியிருந்தால், பார்ப்பவன் வியப்பதற்குமுன் அவளுக்கு வழி எங்கே என்று தேடியிருப்பான்.

மூன்றாவது, காரணம் எங்கே? சித்திரத்தில் விளைவு மட்டுமே இருக்கிறது. அணை இல்லை, ஆலை இல்லை, வெட்டிய காடு இல்லை, கையெழுத்திட்ட அதிகாரி இல்லை. கடல் தானே வருகிறது. இயற்கையே குற்றவாளி என்று நிறுத்திவிட்டால் மற்ற எவரையும் விசாரணைக்கு அழைக்கவேண்டியதில்லை அல்லவா?

நான்காவது கேள்வி அந்த வாசகத்தைப் பற்றியது. தமிழாசிரியர்கள் இதைக் கரும்பலகையில் எழுதிப் பகுபதமாய்ப் பிரித்துக் காட்டலாம். ‘நாம் எச்சரிக்கப்பட்டோம்’ என்பது செயப்பாட்டு வினை. எச்சரித்த கருத்தா மறைந்துவிட்டான். எப்போது எச்சரித்தான், எச்சரிக்கையைக் கேட்டவன் எங்கே போயிருக்க முடியும் என்பவையும் வாக்கியத்தில் இல்லை. ‘நாம்’ என்ற ஒரு சொல் மட்டும் உலகத்தார் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அனைவர் தலையிலும் சமமாகக் குற்றத்தைச் சுமத்துகிறது.

ஆனால் அப்படத்தின் கதைக்குள்ளேயே அந்த ‘நாம்’ பொய்யாகிவிடுகிறது. அழிவு வரப்போவதைச் சில அரசாங்கங்கள் மட்டும் இரகசியமாக அறிந்துகொண்டு, திபெத்திய மலைகளில் பெருங்கலங்கள் கட்டுகின்றன. அவற்றில் ஓர் இடத்தின் விலை நூறு கோடி யூரோ. ஆபத்தை முதலில் கண்டறிபவர் ஓர் இந்திய விஞ்ஞானி, அவரை மீட்க விமானம் வரும் என்று வாக்களிக்கிறார்கள், விமானம் வருவதில்லை, மனைவியோடும் மகனோடும் அவர் அலைக்கு இரையாகிறார். இந்தியச் சுரங்கத்தில் அறிந்த உண்மை, பணக்காரர்களின் கலத்திற்குச் சீட்டாகிறது. கதையின் மிகக் கசப்பான உண்மை இதுதான். இயக்குநர் அதைச் சொல்லத்தான் செய்கிறார். ஆனால் சுவரொட்டியில் அந்த விஞ்ஞானி இல்லை, அந்த விலைச்சீட்டும் இல்லை. காசு கொடுத்து உள்ளே சென்றவனுக்கு அரை உண்மை கிடைக்கிறது. தெருவில் நிற்பவனுக்கு அதுகூட மறுக்கப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இப்படத்தை விளம்பரப்படுத்துவதற்காக ‘மனிதத் தொடர்ச்சிக்கான நிறுவனம்’ என்ற பொருளில் ஒரு போலி ஆராய்ச்சி நிறுவனத்தையே இணையத்தில் உருவாக்கினார்கள். அழிவு நிச்சயம் என்று அது அறிவித்தது. பிழைத்திருக்கப் போகிறவர்களுக்கான குலுக்கலில் பெயர் பதியும்படி அழைத்தது. அதை மெய்யென்று நம்பிக் கலங்கியவர்கள் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்குக் கடிதம் எழுதினார்கள். உலகம் அழியப் போவதில்லை என்று நாசா விளக்கம் வெளியிட நேர்ந்தது. பொய் நிறுவனத்தின் பொய் எச்சரிக்கைக்குக் கிடைத்த கவனம் இது! மெய் நிறுவனத்தின் மெய் எச்சரிக்கைக்கு நமது மலைகளில் என்ன நேர்ந்தது என்பதற்குப் பின்னர் வருவோம்.

இந்தச் சித்திர முறை ஒரு படத்தோடு முடிவதல்ல. இதே இயக்குநரின் ‘நாளை மறுநாள்’ என்று பொருள்படும் படம் 2004 மே மாதத்தில் வந்தது. அதன் சுவரொட்டியில் நியூயார்க் நகரம் பனியில் புதைந்திருக்க, சுதந்திர தேவியின் தீப்பந்தம் ஏந்திய கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. வெண்மையும் நீலமுமாக மனதில் ஒட்டிக்கொள்ளும் சித்திரம். அழிவின் பெருமையைச் சொல்ல அவர்களுக்கு ஒரு சின்னம் வேண்டும். ரியோவின் கிறிஸ்து சிலை வேண்டும், வெள்ளை மாளிகை வேண்டும். சின்னம் இல்லாத ஊரில் அழிவு நேர்ந்தால் அதை எதைக் கொண்டு வரைவது? அதே 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்முனையிலும் முல்லைத்தீவிலும் நாகப்பட்டினத்திலும் அந்த அலை தீப்பந்தம் ஏந்திய எந்தச் சிலையையும் சாய்க்கவில்லை. மீனவர் குடிசைகளைத்தான் சாய்த்தது.

அந்நிய நாட்டான்தான் இப்படி என்று நாம் ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 2008இல் வெளிவந்த ‘தசாவதாரம்’ படத்தில் உலகையே கொல்லவல்ல கிருமி ஒன்று குப்பியிலிருந்து வெளிப்படுகிறது. ஆழிப்பேரலை கொண்டுவந்த உப்பு அதை அழித்து மக்களைக் காக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோரைக் கொன்ற அலைக்கு, மூன்றரை ஆண்டுகளுக்குள் ஒரு நல்ல வேலை கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள்! அப்படத்தின் சுவரொட்டிகளில் பத்து முகங்கள் இருந்தன. பத்தும் ஒரே நடிகரின் முகங்கள். மேனாட்டுச் சுவரொட்டியில் மனிதன் எறும்பாகச் சுருங்கினான். நமது சுவரொட்டியிலோ ஒரு மனிதனே பத்துப் பேராகப் பெருகி மற்ற அனைவரையும் வெளியே தள்ளிவிட்டான். இரண்டிலும் இடம் கிடைக்காதவர்கள் ஒரே வகுப்பினர்தாம்.

அப்படியானால் இவ்வகைப் படங்களே வேண்டாம் என்கிறோமா? இல்லை. 1954 மார்ச்சில் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே இஷிரோ ஹோண்டாவின் ‘கோட்சில்லா’ வந்தது. அந்த விலங்கை எழுப்பியது எது என்பதில் ஹிரோஷிமாவை அறிந்த அந்த மக்களுக்கு ஐயம் இருக்கவில்லை. அதே படத்தை 1956இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது சில பகுதிகளை வெட்டி, ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளன் பாத்திரத்தை நுழைத்து, ‘அரக்கர்களின் அரசன்’ என்று பெயரும் சூட்டினார்கள். குண்டு பின்னே போயிற்று, அரக்கன் முன்னே வந்தான். பிரளயக் கதைக்குக் காரணத்தைச் சொல்லும் ஆற்றல் உண்டு. அதை வாயடைக்கச் செய்வது சந்தை.

இனி நமது மலைகளுக்கு வருவோம். மலையகத்தை உலகத்திற்குக் காட்டும் சித்திரம் எது? 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை அமைக்கப்பட்டது. அக்காலந்தொட்டு விளம்பரத்தாள்களிலும் பொட்டலங்களிலும் நாம் காண்பது ஒன்றே: அலையலையாய்ப் பச்சைச் சரிவு, மேலே மூடுபனி, நடுவே கூடை சுமந்து சிரிக்கும் ஒரு பெண். இன்று நுவரெலியாவுக்கு உல்லாசப் பயணிகளை அழைக்கும் சுவரொட்டியும் இதையேதான் காட்டுகிறது. இதைப் பிரளயச் சுவரொட்டியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்ப்பவனின் கண் இங்கும் உயரத்தில், துரையின் பங்களா வராந்தாவில் நிற்கிறது. இங்கும் மனிதன் நிலக்காட்சியின் அணிகலன். இங்கும் வீடு இல்லை. அப்பெண் மாலையில் திரும்பிப் போகும் லயம் அழகைக் காட்டும்போதும் மறைக்கப்படுகிறது; அழிவைக் காட்டும்போதும் மறைக்கப்படுகிறது. இவ்விரு சித்திரங்களாலும் பழக்கப்பட்ட கண், லயத்தின்மேல் மலை சரியும்போது எதைப் பார்க்கும்?

மலைநாட்டின் தென்கிழக்குச் சரிவில், பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லப் பிரதேசத்தில், கொஸ்லந்தைக்கு அருகே இருக்கிறது மீரியபெத்த தோட்டம். 2014 அக்டோபர் 29 காலை, பெருமழையில் ஊறிய மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புதைந்ததாகச் செய்தி வந்தது. பின்னர் அந்த எண் பன்மடங்கு குறைந்தது. எத்தனை பேர் மாண்டனர் என்று சொல்வதற்கே இத்தனை தடுமாற்றம். மீட்கப்படாத உடல்கள் அம்மண்ணிலேயே தங்கிவிட்டன.

அங்கும் அந்த வாசகம் ஒலித்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் வெளியேறவில்லை என்றார்கள் அதிகாரிகள். ‘நாம் எச்சரிக்கப்பட்டோம்’ என்ற ஹாலிவுட் வாசகம் நமது நாட்டில் ‘அவர்கள் எச்சரிக்கப்பட்டார்கள்’ என்று மாறி வந்தது. எச்சரித்த விஞ்ஞானிகளை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் மண்ணை ஆராய்ந்து உண்மையைச் சொன்னார்கள். நாம் கேட்பது வேறு. வெளியேறி எங்கே போவது?

இக்கேள்வியின் பின்னே ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. காடழித்துக் கோப்பி நட்டதும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டதும் தென்னிந்தியாவிலிருந்து வந்த இம்மக்களின் முன்னோர். நாடு சுதந்திரமடைந்த 1948இலேயே பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலே அவர்களைப் பங்கிட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. கை மாறிய ஒவ்வொரு முறையும் நிலத்தின் கணக்கில் தேயிலைச் செடி இருந்தது; செடியை நட்டவனுக்கு ஒரு துண்டு நிலம் அக்கணக்கில் இருக்கவில்லை. லயம் எந்தச் சரிவில் நிற்கவேண்டும் என்பதை அதில் குடியிருப்பவன் என்றும் தீர்மானித்ததில்லை. அதை விட்டு வேறிடத்தில் நாலு கம்பு நட்டுக் குடிசை போடவும் அவனுக்கு உரிமை இல்லை. காணி இல்லாதவனிடம் ‘வெளியேறு’ என்று ஒரு கடிதத்தை நீட்டுவது, நாளைய விசாரணைக்கு இன்றே தயாரித்து வைக்கும் சாட்சியம் அல்லவா?

மண் எப்படிச் சரிகிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. செங்குத்தான சரிவில் ஆழ வேரோடிய காடு போய்விடுகிறது. மழைநீரை வடிக்க வெட்டிய கான்கள் பராமரிப்பின்றித் தூர்ந்துவிடுகின்றன. வடியாத நீர் மண்ணுள் இறங்குகிறது. மண்ணின் பாரம் கூடுகிறது, பிடிப்புத் தளர்கிறது. கானைத் துப்புரவு செய்யக் கூலி கொடுப்பதா, மிச்சம் பிடிப்பதா என்பது கணக்குப் புத்தகத்தில் எடுக்கப்படும் முடிவு. மழையை எவரும் தடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் மழைக்கும் மரணத்திற்கும் இடையே பல மனிதத் தீர்மானங்கள் கிடக்கின்றன. பிரளயச் சுவரொட்டி துடைத்தழிப்பது அந்த இடைவெளியைத்தான்.

மீரியபெத்தவில் உயிர் தப்பியவர்களுக்குப் பூனாகலை மக்கல்தெனியவில் 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. மலை சரிந்தபின் நிலம் கிடைத்தது, வீடும் எழுந்தது. அப்படியானால் 2005இல் ஏன் கிடைக்கவில்லை? 2011இல் ஏன் கிடைக்கவில்லை? நிலம் அப்போதும் அங்கேதான் இருந்தது. மரணம் ஒன்றுதான் அக்காணிக்கு விலையாகக் குறிக்கப்பட்டிருந்ததா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் எண்ணற்ற இடங்களில் சரிந்தன. மீரியபெத்த ஒரு தனி விபத்தன்று என்பதை மலையகம் முழுவதும் தன் உடம்பாலேயே அறிந்துகொண்டது. அந்த நாட்களிலும் மேலேயிருந்து எடுத்த படங்கள் கைப்பேசிகளில் பறந்தன: பச்சை மலையில் நீண்ட செந்நிறக் கீறல்கள். பயங்கரமான அழகு என்று கூடச் சிலர் வியந்திருப்பார்கள். அக்கீறலின் அடியில் எது இருந்தது என்று கேட்கும் கண் நம்மிடம் இருக்கிறதா, இல்லை அதைச் சுவரொட்டிகள் முன்னரே வாங்கிக்கொண்டுவிட்டனவா?

சுவரொட்டியா மலையைச் சரித்தது என்று நமது நண்பர்கள் இப்போது நகைக்கக்கூடும். இல்லை. சுவரொட்டி மலையைச் சரிப்பதில்லை. எது அழிந்தால் வருந்தவேண்டும், யாரை விசாரிக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் நாள்தோறும் கற்பிக்கிறது. லயம் புதைந்த செய்தியை ஒரு வாரத்தில் மறந்துவிடும் நாட்டில், அம்மறதிக்கு ஒத்தாசை செய்பவற்றில் இதுவும் ஒன்று. கலை கலைக்காகவே என்று பேசுவோர், இந்தக் கலை யாருடைய கணக்குப் புத்தகத்தை மூடி வைக்கிறது என்பதற்கும் பதில் சொல்லவேண்டும்.

ஆகவே ஆசிரியத் தோழர்களிடமும் மாணவத் தோழர்களிடமும் நாம் வேண்டுவது மூன்று. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் உள்ள பாடசாலைகளில் இத்தகைய சுவரொட்டி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து, மேலே நாம் எழுப்பிய நான்கு கேள்விகளையும் பிள்ளைகளிடம் கேளுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் நம்மைவிடக் கூர்மையாகப் பதில் சொல்வார்கள் என்பதில் எமக்கு ஐயமில்லை.

பின்னர் அப்பிள்ளைகளே சுவரொட்டி வரையட்டும். கண்ணின் உயரம் லயத்து வாசற்படியாக இருக்கட்டும். நிலத்தில் புதிதாய்த் தோன்றும் வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், திடீரென்று அடைத்துக்கொள்ளும் கதவு, இருந்தாற்போல் பீறிடும் சேற்று ஊற்று ஆகிய மண்சரிவின் அறிகுறிகளை அதில் எழுதட்டும். இரவில் ஓடவேண்டுமானால் எந்தப் பாதையில் ஓடுவது, எந்தக் கட்டிடத்தில் ஒதுங்குவது என்று வரைந்து காட்டட்டும். அத்தகைய சுவரொட்டி ஓர் உயிரைக் காக்கக்கூடும். ‘2012’இன் சுவரொட்டி டிக்கட் விற்பதைத் தவிர வேறு எதையும் செய்ததில்லை.

மூன்றாவது வேண்டுகோள் வகுப்பறைக்கு வெளியே உள்ளது. ஆபத்தான சரிவு என்று அறிவிக்கும் ஒவ்வொரு கடிதத்திலும், மாறிச் செல்லவேண்டிய காணி எது, அதன் உறுதி யார் பெயரில், எந்தத் தேதிக்குள் என்ற வரிகள் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் ஒரே குரலில் கோரவேண்டும். அந்த வரிகள் இல்லாத கடிதத்தை எச்சரிக்கையாக ஏற்க நாம் மறுப்போம். அடுத்த மழைக்காலம் தொலைவில் இல்லை.